மாத்தியாச்சு

என் தாலியை வாங்க இரண்டு தடவை வீட்டில் ஆள் கூடியிருக்கிறார்கள். முதல் தடவை கூடியபோது அவர் உயிரோடு இருந்தார். இதைச் சொன்னால் சிரிக்கிறவர்கள் உண்டு. நானும் பிறகு சிரித்திருக்கிறேன், அவரோடு சேர்ந்தே. அன்றைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தைதான் காரணம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பேட்டையான தேக்காவில் நாங்கள் பேசிய தமிழில் கால்வாசி மலாய். விளக்கு அணைந்தால் "விளக்கு மாத்தி" என்போம். கடிகாரம் நின்றால் மணி மாத்தி. மோட்டார் வண்டி நடு ரோட்டில் நின்றுபோனால் அதுவும் மாத்தி. மனிதர் செத்தாலும் அதே மாத்திதான். மலாய்க்காரர்களுக்கு மாத்தி என்றால் சாவு. ஊரிலிருந்து புதிதாகக் கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்கு இது விளங்காது. அவர்களுக்கு மாத்துவது என்றால் ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது, அவ்வளவுதான். கொஞ்ச நாள் முழிப்பார்கள். பிறகு அவர்கள் வாயிலும் மாத்தி ஒட்டிக்கொள்ளும்.

என் வீட்டுக்காரர் இங்கேயே பிறந்தவர். ஒரு துரையிடம் குதிரை வண்டி ஓட்டினார். குதிரைக்காரனை இங்கே சைஸ் என்பார்கள். துரை குதிரையை விற்று மோட்டார் வாங்கியதும் இவரும் அதை ஓட்டக் கற்றுக்கொண்டார். குதிரை போய்விட்டது, சைஸ் என்ற பேர் போகவில்லை. தேக்கா சைஸ் என்றால் துறைமுகம் வரைக்கும் தெரியும். மோட்டாரை நிறுத்தும்போதுகூட நாக்கைத் தட்டி "ஓ, ஓ" என்று சமாதானம் சொல்லித்தான் நிறுத்துவார். துரையின் சிநேகிதர்கள் அதைப் பார்க்கவே வந்து ஏறுவார்களாம். இப்படிப்பட்ட மனுஷனைத்தான் பட்டாளத்தில் சேர்த்தார்கள்.

ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. பஸ்ரா என்று ஓர் ஊர், ஒரே மணலாம், அங்கே பட்டாளத்துக்கு லாரி ஓட்ட ஆள் தேவை என்றார்கள். ஒரு நாள் சாயங்காலம் காக்கி உடுப்பும் தொப்பியுமாக வந்து வாசலில் நின்றார். யாரோ போலீஸ்காரன் என்று நினைத்து நான் உள்ளே போய்விட்டேன். விஷயம் தெரிந்த பிறகு நடந்த சண்டை இருக்கிறதே, ஜெர்மன்காரன் அதைப் பார்த்திருந்தால் அப்போதே திரும்பிப் போயிருப்பான்.

"ஒரு வார்த்த கேட்டீங்களா என்னைய?" என்றேன்.

"கேட்டா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

தஞ்சோங் பகாரில் கப்பல் ஏறும் வரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை மட்டும் கையில் திணித்தேன். அவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கப்பல் கிளம்பிய பிறகு அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நானும் என் நாத்தனாரும். அவருக்கு மூத்தவள், தாயில்லாத தம்பியை வளர்த்தவள், இருபது வயதுக்குள் தாலியை இழந்தவள். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில் எருமை வைத்துப் பால் ஊற்றினாள். பேச்சு பட்டாசு மாதிரி இருக்கும். அவளுக்கும் எனக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமை, அவரைத் திட்டுவதில்.

அவருக்கு எழுதத் தெரியாது. யாரையாவது பிடித்துக் கடுதாசி எழுதச் சொல்வார். வெயில், ஈ, பேரீச்சம்பழம், இவ்வளவுதான் அதில் இருக்கும். பிறகு அதுவும் நின்றுபோனது. மழைக்காலம் வந்தது, ரோச்சோர் கால்வாய் ரோட்டுக்கு ஏறியது, இறங்கியது. சேதி இல்லை.

அப்போதுதான் ஒரு நாள் மத்தியானம் நானா வந்தார். நாகூர்க்காரர். துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் கப்பல்களுக்குப் படகில் பழமும் காய்கறியும் கொண்டுபோய் விற்பவர். எங்கள் வீட்டில்தான் பால் வாங்குவார். எல்லோருக்கும் அவர் நானாதான், இந்த ஊருக்கு வந்து பாதி ஆயுசு ஆகிவிட்ட அண்ணன். வந்தவர் உள்ளே வரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"பஸ்ராவுலேர்ந்து ஒரு கப்பல் வந்துச்சும்மா. உள்ள அம்மை கண்டிருக்கு, யாரையும் கரையில எறக்கல. மேல நின்ன பட்டாளத்து ஆளு ஒருத்தன் எங்கிட்ட கத்திச் சொன்னான். தேக்கா சைஸ் மாத்தியாச்சு, வீட்டுல சொல்லிருங்கன்னு."

நாத்தனார் கையிலிருந்த பால் செம்பு கீழே விழுந்தது. எனக்கு அந்தச் சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கப்பல் அன்று காலையிலேயே ஹாங்காங் போய்விட்டது. யாரிடம் போய் விசாரிப்பது? நாத்தனார் தம்பியை நினைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே காரியமும் பார்த்தாள், அவள் அப்படித்தான். உடல் இல்லாததால் தர்ப்பையில் உருவம் செய்து எரிப்பது, பத்தாம் நாள் எனக்குத் தாலி வாங்குவது என்று முடிவானது. கடைத்தெருவுக்குப் போய் வெள்ளைச் சேலையும் வாங்கி வந்து பெட்டியின் மேல் வைத்தாள். நான் மூலையில் கிடந்தபடி அந்தச் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், விளக்கு வைக்கிற நேரம். துக்கத்துக்கு வந்த பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனாரின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன், மீசைக்காரன், கல்யாணமானவன், அந்த வாரம்தான் ஊரிலிருந்து வந்து மாட்டு வேலைக்குச் சேர்ந்திருந்தான். எண்ணெய் தீர்ந்து கூடத்து விளக்கு அணைந்தது.

"டேய், வெளக்கு மாத்தி, பாரு" என்றாள் நாத்தனார்.

அவன் எழுந்துபோய் இருட்டில் விளக்கைத் தடவிப் பார்த்தான். "பழைய வெளக்குதானக்கா இருக்கு? யாரு மாத்தினா?" என்றான்.

துக்க வீடு என்று பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. சடாரென்று எழுந்து உட்கார்ந்தேன்.

விடிந்ததும் புறப்பட்டேன். சாவு விழுந்த வீட்டுப் பெண் படி தாண்டக் கூடாது. நாத்தனார் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள், நான் திரும்பிப் பார்க்கவில்லை. கால்வாய் ஓரமாகவே நடந்து ஆற்று வாய்க்கு வந்தேன். நானா படகைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேய் அறைந்தவர் போல் நின்றார்.

"நானா, அந்த ஆளு சொன்னத அப்படியே சொல்லுங்க."

"சொன்னேனேம்மா. தேக்கா சைஸ் மாத்தியாச்சு, வீட்டுல சொல்லிருங்கன்னான்."

"சைஸ்னு சொன்னானா, சைஸன்னு சொன்னானா?"

"என்னம்மா கேக்குற?"

"சைஸ் மாத்தியாச்சுன்னானா, சைஸ மாத்தியாச்சுன்னானா?"

நானா தார் மட்டையைக் கீழே வைத்தார். இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். முதலாவது சொன்னால் ஆள் செத்தான். இரண்டாவது சொன்னால் ஆளை வேறு இடத்துக்கு, வேறு வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர் முகம் வெளுத்தது.

"அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியலம்மா. அவன் அவ்வளவு ஒசரத்துல நிக்கிறான், நான் கீழ படகுல. காத்து வேற. ஒரு எழுத்துக்கு நான் எப்படிம்மா சத்தியம் பண்றது?"

"அந்த ஆளுக்கு மலாய் தெரியுமா?"

"எங்க தெரியும்? மெட்ராஸ் பக்கத்து ஆளு. பீசாங் வேணுமான்னு கேட்டேன், முழிச்சான். வாழப்பழம்னு சொன்னப்பறம்தான் கூடையக் கயித்துல கட்டி எறக்கினான்." இதைச் சொல்லிவிட்டு நானா என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"பீசாங் தெரியாதவனுக்கு மாத்தி எப்படித் தெரியும்?" என்றேன்.

அவர் தார்க் கையைத் துண்டில் துடைக்க, நான் விடாமல் கேட்டேன்.

"பழம் வாங்கினானா?"

"ரெண்டு சீப்பு."

"சேதிய எப்பச் சொன்னான்?"

"தின்னுக்கிட்டேதான் சொன்னான்." நானா தலையில் கை வைத்துக்கொண்டு படகு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். "சாவு சொல்றவன் பழம் தின்னுக்கிட்டா சொல்லுவான்? எனக்கு இது தோணாமப் போச்சே."

நான் கரையிலேயே உட்கார்ந்து அழுதேன். நிச்சயம் என்று எதுவும் இல்லை, ஆனால் இரண்டு மூன்று நாளாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு வெளியே வந்தது. அன்றைக்கு அது போதும் என்றிருந்தது.

எனக்குப் போதும். நாத்தனாருக்குப் போதவில்லை. "ஒரு எழுத்த நம்பியா பொட்டு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கப் போற? எந் தம்பிக்குச் சேர வேண்டியத செய்யாம விட்டா அவன் ஆவி அந்த மணல்ல அலையாதாடி?" என்று கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அவளும் அவருக்காகத்தான் பேசினாள், நானும் அவருக்காகத்தான்.

பத்தாம் நாள் சொல்லிவைத்தபடி பெண்கள் வந்து கூடினார்கள். மனை போட்டாகிவிட்டது. நான் தாலியைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். தொட வந்தால் கடித்துவிடுவேன் என்றுகூடச் சொன்னேன், நிஜமாகவே கடித்திருப்பேன். அப்போது வாசலில் நானா குரல் கேட்டது.

"நான் கேட்டது தப்பு தாயிங்களா. என் காது மேல பழியப் போட்டுக்குங்க. தங்கச்சிய விடுங்க."

 நாத்தனார் வெள்ளைச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். அதன் ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டே பேசினாள். அவள் புருஷன் ஈயச் சுரங்கத்தில் வேலை செய்தவன். மண் சரிந்தது என்று யாரோ ஒருவன் வந்து சொன்னான். அன்று பொழுது சாய்வதற்குள் தாலியை வாங்கிவிட்டார்கள்.

"எவன் சொன்னான், என்ன சொன்னான்னு எனக்காக ஒருத்தரும் போய்க் கேக்கல. எனக்கும் கேக்கத் தெரியல" என்றாள். பிறகு பெண்களைப் பார்த்து, "எந்திரிச்சுப் போங்க எல்லாரும். பால் கறக்கற நேரம்" என்றாள். அவளை அன்றுவரை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அன்றைக்குப் பிடித்துப்போயிற்று.

பிறகு காத்திருந்தோம். தெருவில் பெண்கள் என்னைக் கண்டால் ஒதுங்கினார்கள். காளி கோயிலில் நான் போய் நின்ற பக்கம் காலியாகும். அந்த ஆத்திரத்துக்கே பொட்டைக் காசு அகலத்துக்கு வைத்துக்கொண்டேன். வீம்புக்கு வைத்த பொட்டு அது, நம்பிக்கையில் வைத்தது இல்லை. வெள்ளிக்கிழமைகளில் என் பாய்க்குப் பக்கத்தில் பூச்சரம் கிடக்கும். யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை, நாத்தனாரும் சொல்லவில்லை. வெள்ளைச் சேலையும் பெட்டியின் மேலேயே இருந்தது.

தீபாவளிக்கு முன்னால் ஒரு காலை. நான் தயிர் கடைந்துகொண்டிருந்தேன். வாசலில் ரிக்‌ஷா வந்து நின்ற சத்தம்.

"புள்ள, மோர் இருக்கா?"

மத்து கையிலேயே இருந்தது. காக்கி உடுப்புக்குள் யாரோ எலும்பை அடுக்கி வைத்த மாதிரி அவர் நின்றார். நான் எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்க முடியவில்லை. உள்ளேயிருந்து ஓடிவந்த நாத்தனார் கையில் அகப்பட்ட வெள்ளைச் சேலையை எடுத்து அவரை மாறி மாறி அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏங்க்கா அடிக்கிற? சேதி சொல்லி விட்டேனே, வரலியா?"

"என்ன சேதி சொல்லி விட்டீங்க?" என்றேன் நான். அவர் திரும்பி வந்த பிறகு நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"லாரி சேத்துல எறங்கி நின்னு போச்சு. லாரி மாத்தி. அதனால என்னைய மாத்தி ஆத்துப் படகுல போட்டுட்டாங்க. எடம் மாறிட்டேன், கடுதாசி வராட்டி பயப்படாதீங்கன்னு மெட்ராஸ்காரன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

நடந்ததைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் நானாவை வரவழைத்துக் கட்டிக்கொண்டார். நானா ஒரு கூடை வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். எனக்கு உயிர் வந்த நாள் அது. எப்போது நினைத்தாலும் இன்றைக்கும் மனசில் அந்த இடம் மட்டும் குளிர்ச்சியாக இருக்கிறது.

ஆற்றங்கரைச் சேற்றுக் காய்ச்சலோடுதான் அவரை அனுப்பியிருந்தார்கள். குணமானால் திரும்ப வர வேண்டும் என்பது பட்டாளத்து உத்தரவு. காய்ச்சல் விட்டால் போய்விடுவார். விடாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் சாமி முன்னால் சும்மா நின்றுவிட்டு வருவேன்.

ஆனாலும் அந்த ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், ஒரு தைப்பூசம் என்னுடையவை. நல்ல நாட்களில் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்து பஸ்ரா கதை சொல்வார். துப்பாக்கி கொடுத்தார்களா என்று தெருவே கேட்கும். "குடுத்தாங்க. சுடத் தெரியாதுன்னேன். சும்மா புடிச்சுக்கிட்டு நில்லுன்னாங்க" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை துரை மோட்டாரைக் கொடுத்தார். என்னையும் நாத்தனாரையும் ஏற்றிக்கொண்டு கேலாங் தாண்டிக் கடற்கரைக்குப் போனார். அவள் வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். தென்னந்தோப்பு நடுவே வண்டி உறுமி நின்றது.

"மாத்தி" என்றார் அவர்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அப்படிச் சிரித்து நான் அவளைப் பார்த்ததே இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போதும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

தைப்பூசத்துக்குப் பிறகு காய்ச்சல் விடவே இல்லை. ஆஸ்பத்திரியில் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார்கள். நாத்தனார் அந்த வெள்ளைச் சேலையைக் கிழித்து, துண்டு துண்டாகத் தண்ணீரில் நனைத்து நெற்றியில் போட்டாள். எனக்கென்று வாங்கியது கடைசியில் அவருக்கு உதவியது.

காலைப் பால் ஊற்றி முடித்த நேரம். வெயில் வாசல் வரை வந்திருந்தது. அவர் கண் விழித்து என்னைத் தேடினார்.

"புள்ள, என்னைய மாத்தப் போறாங்க போலருக்கு."

"எங்க?" என்றேன், தெரிந்துகொண்டே.

"தெரியல. இந்தத் தடவ கப்பல் இல்ல."

மோர் கேட்டார். இரண்டு வாய் குடித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார், மற்றக் கையை நாத்தனார் பிடித்திருந்தாள். மூச்சு நின்றது எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது.

அழுதேன், அழாமல் என்ன. ஆனால் அந்த அழுகைக்கு அடியில் ஒரு நிம்மதி இருந்தது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. சண்டை இன்னும் முடியவில்லை, பஸ்ராவுக்கு ஆட்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். என் மனுஷனை மணல் எடுத்துக்கொள்ளவில்லை. யாரோ ஒருவன் கப்பல் மேலிருந்து கத்த, காற்றில் பாதி கரைந்து, வேறொருவர் வாய் வழியாக அந்தச் சேதி என்னிடம் வர வேண்டியிருக்கவில்லை. எனக்கே தெரியும்.

பெண்கள் மறுபடி கூடினார்கள். முன்பு வந்த அதே பெண்கள்தான். நாத்தனார் வாசல்படியை மறித்து நின்றாள். "யாரும் கை வெக்க வேணாம். அவளுக்கு எப்பத் தோணுதோ அப்ப அவளே எடுக்கட்டும்" என்றாள். எடுத்தேன், என் கையாலேயே. அவள் இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டாள்.

வெளியே நானா நின்றிருந்தார். யாரோ சொல்லி ஓடி வந்திருக்கிறார், சட்டையெல்லாம் கடல் தண்ணீர்.  என் கழுத்தைப் பார்த்தார், கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அந்த மனுஷனை நான் காக்க வைக்க விரும்பவில்லை.

"சைஸ மாத்தியாச்சு, நானா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். இந்தத் தடவை அவருக்குச் சரியாகக் கேட்டது.